மொட்டைக் கடிதமும் கொடிவழியும்: 1961 கொலைக்கு இன்று விடை தேட முடியுமா?

நீங்கள் எழுதியிருப்பதை என் சொற்களில் ஒரு முறை சொல்லிவிடுகிறேன், சரிதானா என்று பாருங்கள். உங்கள் அப்பத்தாவின் தம்பி 1961-ல் காரைக்குடிக்குப் பக்கத்து ஊரில், சொந்த வீட்டின் இரண்டாம் கட்டில், ராத்திரியில் கொல்லப்பட்டுக் கிடந்தார். பெட்டகம் உடைபடாமல் திறந்து கிடந்தது. போலீஸ் சிலரைப் பிடித்து விசாரித்து விட்டுவிட்டது. யாருக்கும் தண்டனை இல்லை. மூன்று மாதம் கழித்து உங்கள் அப்பத்தாவுக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. அதில், “அம்மானை (மாமாவை) நினைச்சாத் தூக்கம் வரலை. பெட்டகத்துச் சாவி அன்னைக்கு யார் கையில இருந்துச்சுன்னு கேளுங்க” என்று எழுதியிருந்தது. அந்தக் கடிதம் உறையோடு இப்போது உங்கள் கையில் இருக்கிறது. அமெரிக்காவில் வம்சாவளி ஆய்வை வைத்துப் பழைய கொலைகளைத் துலக்குகிறார்களே, அதுபோல் இந்த உறையிலிருந்து மரபணு எடுத்து, உங்களிடம் உள்ள குடும்ப மரத்தோடு பொருத்தி ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்கிறீர்கள். உங்கள் பதிவைத் திரும்பத் திரும்பப் படித்தபோது அதற்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாகப் பட்டது: கொன்றது வெளியாளா, வளவுக்குள், அதாவது வீட்டுக்குள், புழங்கிய ஒருவரா? இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

நான் தேவகோட்டையில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் 27 வருடம் வாரிசு தேடும் வேலை பார்த்தவன். செட்டிநாட்டில் ஒரு பழைய வீட்டை விற்கவோ பிரிக்கவோ வேண்டுமென்றால் நாற்பது ஐம்பது பங்குக்காரர்கள் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். ஒருவர் பினாங்கில் இருப்பார், ஒருவர் கோயம்புத்தூரில் இருப்பார், ஒருவர் சின்ன வயதிலேயே வேறு வீட்டுக்குப் பிள்ளை கூட்டப்பட்டு, அதாவது சுவீகாரமாகப் போயிருப்பார். அவர்களைத் தேடிப் பிடித்து, நீதிமன்றம் ஏற்கும்படி கொடிவழி (வம்ச வரிசை) எழுதி, ஒவ்வொரு கோட்டுக்கும் ஆவணம் காட்டுவதுதான் என் தொழில். நான் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீட்டுப் பிள்ளை இல்லை. அவர்களுடைய ஏடுகளையும் பெட்டிகளையும் ஆயுளில் பாதிக்கு மேல் பார்த்தவன். கொலை வழக்கு எதையும் துலக்கியவனும் இல்லை. ஆகவே மரபணு பற்றி நான் எழுதுவது படித்துத் தெரிந்துகொண்டது, காகிதம் பற்றி எழுதுவது கைப்பழக்கத்தில் வந்தது. இரண்டையும் ஒரே எடையில் வைத்துவிடாதீர்கள்.

அமெரிக்க முறையை முதலில் பார்ப்போம். 1970களிலும் 80களிலும் கலிஃபோர்னியாவில் நடந்த தொடர் கொலைகளுக்காக ஜோசப் ஜேம்ஸ் டிஆஞ்சலோ என்ற முன்னாள் போலீஸ்காரர் 2018 ஏப்ரலில் கைதானார். 2020-ல் 13 கொலைகளை ஒப்புக்கொண்டு ஆயுள் தண்டனை பெற்றார். அந்த வழக்கில் குற்றம் நடந்த இடத்திலிருந்து எடுத்த மாதிரி பல வருடங்களாகப் பத்திரமாக இருந்தது. அதை ஜெட்மேட்ச் என்ற பொதுத் தளத்தில் ஏற்றினார்கள். சொந்தபந்தம் தேடுவதற்காகச் சாதாரண மக்கள் தங்கள் மரபணு விவரங்களைத் தாங்களே போட்டு வைத்திருந்த இடம் அது. கிடைத்தவர்கள் தூரத்துச் சொந்தங்கள், பாட்டன் பூட்டன் காலத்தில் கிளை பிரிந்தவர்கள். அந்தச் சொந்தங்களின் பொது முன்னோரைக் கண்டுபிடிக்க மேலே ஏறினார்கள். பிறகு அந்த முன்னோரின் பிள்ளைகள், பேரர்கள் என்று கீழே இறங்கி, வயதும் ஊரும் பொருந்தாதவர்களை ஒவ்வொருவராகக் கழித்தார்கள். கடைசியில் நின்றவரிடமிருந்து அவருக்குத் தெரியாமல் மாதிரி எடுத்து, நேருக்கு நேர் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் கைது. ஸ்வீடனில் லின்ஷோப்பிங் நகரில் 2004-ல் நடந்த இரட்டைக் கொலை 2020-ல் துலங்கியதும் இதே வழியில்தான். அங்கே பீட்டர் ஷோலுண்ட் என்ற வம்சாவளி ஆய்வாளர் மரத்தைக் கட்டி, ஒரு குடும்பத்தின் இரண்டு சகோதரர்கள் வரை கொண்டுவந்து நிறுத்தினார். மற்றதை ஆய்வகம் சொன்னது.

இதில் கவனிக்க வேண்டியது மூன்று படிகள் இருக்கின்றன என்பது. கொலையாளியுடையது என்று உறுதியாகத் தெரிந்த மாதிரி வேண்டும். அவருடைய சொந்தங்கள் ஏறியிருக்கும் பெரிய தொகுப்பு வேண்டும். அதற்குப் பிறகுதான் மரம் கட்டத் தெரிந்தவர். உங்களிடம் மூன்றாவது இருக்கிறது, முதல் இரண்டும் இல்லை. உறையில் எச்சில் இருந்தால் அது கடிதம் எழுதியவருடையதாக இருக்கலாம். எழுதியவர் கொலையைப் பற்றித் தெரிந்தவர், அவ்வளவுதான் சொல்ல முடியும். தூக்கம் வராதவர் கொன்றவராக இருக்க வேண்டியதில்லை, பார்த்தவராக இருக்கலாம். அது அவருடைய எச்சில்தானா என்பதும் நிச்சயமில்லை. அந்தக் காலத்துத் தபாலாபீஸில் தபால்தலை ஒட்டக் கோந்து டப்பாவும் நனைத்த துணியும் வைத்திருப்பார்கள். வீட்டில் ஒட்டுகிறவர்கள் ஒரு சோற்றுப் பருக்கையை நசுக்கித் தேய்த்து ஒட்டுவார்கள். நான் பிரித்துப் பார்த்த பழைய உறைகளில் பாதிக்கு மேல் மூடியின் ஓரத்தில் அந்தச் சோற்றுத் தடம் வெள்ளையாய்க் காய்ந்து, தோல் மாதிரி உரிந்து நிற்கும். உங்கள் உறையை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். அப்படி இருந்தால் எச்சில் கிடைக்கும் என்ற நம்பிக்கை பெரிதும் குறையும். எதற்கும் தபால்தலையை நனைக்காதீர்கள், பிரிக்காதீர்கள். பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து, சுத்தமான காகித உறைக்குள் ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். பிளாஸ்டிக்குக்குள் தங்கும் ஈரம் மரபணுவைச் சிதைக்கும். நம் ஊர் வெயிலும் புழுக்கமும் 60 வருடத்தில் ஏற்கெனவே நிறையச் சிதைத்திருக்கும்.

இரண்டாவது படியில் நமக்கு இன்னும் பெரிய தடை. அந்தப் பொதுத் தளங்களில் நம்மவர்கள் மிகக் குறைவு, இருப்பவர்களும் பெரும்பாலும் வெளிநாட்டில் குடியேறியவர்கள். சரி, பத்துப் பேர் கிடைத்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். பெரியப்பா சித்தப்பா, அத்தை அம்மான் பிள்ளைகளோடு நமக்குச் சராசரியாக 12.5 சதவீதம் மரபணு பொதுவாக இருக்கும். அவர்களுடைய பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் தங்களுக்குள் சுமார் 3 சதவீதம் பகிர்வார்கள். அதற்கு அடுத்த தலைமுறையில் அது 1 சதவீதத்துக்கும் கீழே போகும். இந்தக் கணக்கு, இரண்டு பேருக்கும் நடுவே ஒரே ஒரு வழியில்தான் உறவு என்று எடுத்துக்கொள்கிறது. நகரத்தார் ஒன்பது கோவிலுக்குள்ளேயே (இங்கே கோவில் என்பது குலப் பிரிவு) பெண் கொடுத்துப் பெண் எடுப்பவர்கள், அதிலும் அம்மான் மகள், அத்தை மகள் என்று திரும்பத் திரும்பக் கட்டியவர்கள். நான் எழுதிய கொடிவழிகளில் ஒரு கணவனும் மனைவியும் நாலு வழியில் உறவாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன். அங்கே நாலு தலைமுறை தள்ளிய சொந்தம், ஆய்வகத் தாளில் இரண்டு தலைமுறை சொந்தம் மாதிரித் தெரியும். மரம் கட்டுகிறவர் தவறான கிளையில் இறங்கிவிடுவார். கொலை விஷயத்தில் அப்படி இறங்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆண்வழி மரபணுவை மட்டும் பார்க்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கோவில் வழி அப்பச்சியிடமிருந்து (அப்பாவிடமிருந்து) மகனுக்கு வருவது. ஆகவே அது அதிகம் போனால் எந்தக் கோவில் பங்காளிகள் என்று காட்டும், அதில் எந்த வீடு என்று காட்டாது. பிள்ளை கூட்டுவதும் பெரும்பாலும் அதே கோவிலுக்குள் நடப்பதால் அந்த மாற்றத்தையும் அது காட்டாமல் போகும். இன்னொன்று, மாதிரியைத் தனியாக வெளிநாட்டு நிறுவனத்துக்கு அனுப்பி ஒரு முடிவை வாங்கினாலும் அதை நம் நீதிமன்றத்தில் வைப்பது எளிதில்லை. மரபணுத் தொழில்நுட்ப ஒழுங்குமுறை மசோதா 2019-ல் மக்களவையில் வந்தது, 2023-ல் திரும்பப் பெறப்பட்டது. இன்று வழி என்பது போலீஸோ நீதிமன்றமோ கேட்டு, சென்னை மயிலாப்பூரில் இருக்கும் தடய அறிவியல் துறைக்கோ ஹைதராபாத்தில் உள்ள மையத்துக்கோ அனுப்புவதுதான். ஆகவே உறையைப் பத்திரப்படுத்துங்கள், அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

இனி என் பக்கம். செட்டிநாட்டைப் போலக் குடும்பக் காகிதத்தைப் பாதுகாத்த இடம் தமிழ்நாட்டில் குறைவு. அந்தக் காகிதத்தைப் படிக்கத் தெரியாமல் படித்தால் அதைப் போல ஆளைத் தவறவிடும் இடமும் குறைவு. காரணம் பெயர். மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயரை வைப்பார்கள். அந்த ஐயாவுக்கு (தாத்தாவுக்கு) நாலு மகன்கள் என்றால், நாலு வீட்டு மூத்த பேரன்களுக்கும் ஒரே பெயர். விலாசத்து முதலெழுத்துகளும் (பெயருக்கு முன் வரும் இனிஷியல்கள்) முக்கால்வாசி ஒன்றாகவே இருக்கும். வீட்டு மருமகள் மாமனார் பெயரைச் சொல்ல மாட்டாள் என்பதால் அந்தப் பிள்ளைக்கு வீட்டில் கூப்பிட வேறு பெயர் இருக்கும். ஊர் ஒரு பெயரில் அறியும், பத்திரம் ஒரு பெயரில் அறியும், போலீஸ் எழுதியது மூன்றாவதாக இருக்கும். உங்கள் குடும்பத்தில் “இவர்தான் செய்தார்” என்று ஒரு பெயர் 60 வருடமாக முணுமுணுக்கப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெயரில் 1961-ல் எத்தனை பேர் உயிரோடு இருந்தார்கள் என்று முதலில் எண்ணுங்கள்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு பாகப்பிரிவினை வழக்கில் இரண்டு பங்காளி வீடுகளுக்கு மூன்று தலைமுறையாகப் பேச்சு இல்லை. 1937-ல் ஒருவர் ஊருணியில் செத்து மிதந்தார், பங்காளி வீட்டுக்காரர்தான் தள்ளிவிட்டார் என்பது ஒரு வீட்டுக் கதை. எனக்குக் கையெழுத்துதான் வேண்டியிருந்தது, கதை தேவையில்லை. ஆனால் பங்கு கணக்குப் பார்க்கும்போது அந்தப் பங்காளியின் சம்பளச் சீட்டு ஒன்று கிடைத்தது. கொண்டு விற்க, அதாவது கடல் கடந்து தொழில் பார்க்கப் போகும் மேலாளுக்கு மூன்று வருடக் கணக்குக்கு எழுதுகிற சீட்டு. தாது வருடம் ஐப்பசி மாதத் தேதி, மோல்மேன் கடை. தாது என்பது 1936-37. கூடவே, அதே கடையிலிருந்து அடுத்த வருடம் முழுக்க அவர் கையெழுத்தில் வந்த கடிதங்களும் கட்டாக இருந்தன. ஆள் பர்மாவில் இருந்திருக்கிறார். அதே பெயர் கொண்ட இன்னொருவர் இருந்தாரே என்று தேடினால், அவருக்கு அப்போது வயது பதினொன்று. கதை சொன்ன வீட்டு மூத்த ஆச்சியிடம் சீட்டைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, “எங்க ஆத்தா சாகுறவரைக்கும் அந்த வீட்டுத் தண்ணி குடிக்கலையே” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஊருணியில் போனவர் எப்படிப் போனார் என்பது இன்று வரை தெரியாது. அந்தப் பங்காளி தள்ளவில்லை என்பது மட்டும் தெரியும். என் அனுபவத்தில் கொடிவழி வேலை அதிக உறுதியோடு தருவது இப்படிப்பட்ட விடையைத்தான்.

உங்கள் விஷயத்தில் என்னென்ன தேடலாம்? இசைகுடிமானம் (கல்யாணத்தில் எழுதும் பதிவு) இருந்தால் கோவில், பிரிவு, இரண்டு பக்கப் பெற்றோர் பெயர், நாள் எல்லாம் அதில் கிடைக்கும். ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது மொய்ப்பண ஏடு. தலைப்பில் சிவமயம் போட்டு, கீழே வரிசையாக ஊர், விலாசம், பெயர், தொகை. எந்தக் கல்யாணத்துக்கு யார் வந்தார்கள், யார் வராமல் பணம் மட்டும் கொடுத்து அனுப்பினார்கள், எந்த வருடத்திலிருந்து ஒரு வீட்டுப் பெயர் ஏட்டில் காணாமல் போகிறது என்பதெல்லாம் அதில் தெரியும். 1961-க்கு முன் பத்து வருடம், பின் பத்து வருடம் ஏடுகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மொய் நின்று போன வீடு எது என்று பாருங்கள். படைப்பு (முன்னோருக்குப் படைக்கும் சடங்கு) கணக்கு நோட்டில் புள்ளி எண்ணிக்கை, அதாவது கல்யாணமான குடும்பங்களின் எண்ணிக்கை, இருக்கும். அந்த வருடம் எத்தனை புள்ளி, யார் யார் ஊரில் இருந்தார்கள் என்பதை ஓரளவு பிடிக்கலாம். தேதி பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை: கணக்கு நோட்டில் ஆங்கில வருடம் இருக்காது. 1961 சித்திரைக்கு முன் நடந்தது சார்வரி வருடம், சித்திரைக்குப் பின் பிலவ வருடம். இதில் தவறினால் ஒரு முழு வருடம் தள்ளிப்போய் நிற்பீர்கள்.

சொத்து விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பெட்டகம் திறந்திருந்ததால் எல்லோரும் நகை என்று நினைக்கிறார்கள். பெட்டகத்தில் பத்திரமும் இருக்கும். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956 ஜூன் 17-ல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பாகம் பிரியாத குடும்பத்தில் ஆண்வாரிசு இல்லாமல் ஒருவர் போனால், அவர் பங்கு பெரும்பாலும் பங்காளிகளிடமே தங்கும், மனைவிக்கு வரையறைக்குட்பட்ட உரிமைதான். 1956-க்குப் பின் மனைவியும் மகளும் நேரடி வாரிசுகள். அதே வருடம் வந்த தத்தெடுப்புச் சட்டம், கணவன் இல்லாத மனைவி தானே பிள்ளை கூட்டிக்கொள்ளவும் வழி செய்தது. ஐந்தே வருடம் கழித்து இந்தக் கொலை. ஊரில் பலர் மனத்தில் அப்போதும் பழைய சட்டமே இருந்திருக்கும். அவருக்குப் பிள்ளைகள் இருந்தார்களா, பிள்ளை கூட்டப் பேச்சு நடந்துகொண்டிருந்ததா என்று உங்கள் பதிவில் இல்லை. அதை உறுதிப்படுத்துங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் 1955 முதல் 1970 வரை கையால் எழுதிய அட்டவணைகளைத் தேடச் சொல்லி மனுப் போடுங்கள். இணையத்தில் வரும் வில்லங்கச் சான்று அவ்வளவு பழைய காலத்துக்குப் பெரும்பாலும் போகாது. விடுதலைப் பத்திரம், சுவீகாரப் பத்திரம், பாகப்பிரிவினை இந்த மூன்றும் முக்கியம். ஒருவருக்கு லாபம் கிடைத்தது என்று தெரிந்தால் அது லாபம் கிடைத்ததற்கு மட்டுமே ஆதாரம். கொலைக்கு ஆதாரம் இல்லை. ஒவ்வொரு சாவிலும் யாராவது ஒருவருக்குப் பங்கு கூடத்தான் செய்யும்.

போலீஸ் காகிதத்துக்கு வருகிறேன். முதலில் ஊர் எந்த எல்லையில் இருந்தது என்று பாருங்கள். சிவகங்கை மாவட்டம் 1985-ல்தான் பிரிந்தது, 1961-ல் அது ராமநாதபுரம் மாவட்டம். உங்கள் ஊர் ராயவரம், அரிமளம், கடியாபட்டி பக்கம் என்றால் அது 1948 வரை புதுக்கோட்டை சமஸ்தானம், பிறகு திருச்சிராப்பள்ளி மாவட்டம், 1974-க்குப் பிறகுதான் புதுக்கோட்டை மாவட்டம். தவறான மாவட்டத்தில் மனுப் போட்டால் “ஆவணம் இல்லை” என்ற பதில் உண்மையாகவே வரும். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கும்போது பிரிவு 8(3)-ஐக் குறிப்பிடுங்கள். 20 வருடத்துக்கு முந்தைய நிகழ்வு என்றால், விசாரணை பாதிக்கும் என்ற காரணத்தைச் சொல்லி மறுக்க முடியாது. முதல் தகவல் அறிக்கை, பிரேத விசாரணை அறிக்கை, பிரேதப் பரிசோதனைச் சான்று, துலங்கவில்லை என்று நீதித்துறை நடுவருக்கு அனுப்பிய அறிக்கை இவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். பல அழிக்கப்பட்டிருக்கும். அழித்த பதிவேட்டின் நகலையாவது கேட்டு வாங்குங்கள், அதில் வழக்கு எண் இருக்கும். எண் கிடைத்தால் நீதிமன்றப் பக்கம் தேட வழி பிறக்கும். மதுரை நாளிதழ்களின் அந்த வாரத்துச் செய்தியையும் தேடுங்கள். ஒரு கொலை என்றால் நாலு வரியாவது போட்டிருப்பார்கள், அதில் இருக்கும் தேதியும் காவல் நிலையப் பெயருமே உங்களுக்குப் போதும்.

அறிக்கை கிடைத்தால் எப்படிப் படிப்பது என்பதுதான் கஷ்டமான பகுதி. அந்த வீட்டில் ராத்திரி இருந்த பெண்களிடம் வாக்குமூலம் வாங்கியிருப்பார்கள். அவர்களில் யாரும் கணவர் பெயரையோ மாமனார் பெயரையோ கணவரின் அண்ணன் பெயரையோ வாயால் சொல்லியிருக்க மாட்டார்கள். “அவுக”, “பெரியவுக”, “மேலவீட்டுத் தம்பி” என்றுதான் சொல்லியிருப்பார்கள். எழுதிக்கொண்ட ஏட்டையா தனக்குத் தெரிந்த பெயரை இட்டு நிரப்பியிருப்பார். ஆகவே வாக்குமூலத்தில் வரும் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், சொன்னவருக்கு அவர் என்ன முறை என்று எழுதிப் பாருங்கள். சொல்லக்கூடாத முறையில் உள்ளவர் பெயர் பச்சையாக எழுதப்பட்டிருந்தால் அந்த வரியை நம்பாதீர்கள். முழு அறிக்கையையும் தள்ள வேண்டாம், அந்த ஒரு வரியைச் சந்தேகத்தில் வையுங்கள். இது சட்டப் புத்தகத்தில் இல்லை, உயில் வழக்குகளில் அடிபட்டுத் தெரிந்துகொண்டது.

இன்னொரு விஷயம் எனக்கு மனத்தை அரிப்பது. காகிதம் உள்ளவர்களைத்தான் கொடிவழி காப்பாற்றும். அந்த வீட்டில் சமையல்காரர் இருந்திருப்பார், வேலைக்கு வந்துபோன பெண்கள் இருந்திருப்பார்கள், காவலுக்கு ஆள் இருந்திருப்பார். அவர்களுக்குச் சம்பளச் சீட்டும் இல்லை, மொய் ஏடும் இல்லை. குற்றப் பரம்பரைச் சட்டம் நாடு முழுக்க ரத்தானது 1952-ல். ஒன்பது வருடத்தில் போலீஸ் பழக்கம் மாறிவிடுமா? ஒரு திருட்டோ கொலையோ நடந்தால் முதலில் எந்தத் தெருவுக்குப் போவது என்பது விசாரணைக்கு முன்பே முடிவாகியிருக்கும். “சிலரைப் பிடித்து விசாரித்து விட்டுவிட்டார்கள்” என்று நீங்கள் எழுதிய ஒரே வரிக்குப் பின்னால் சில குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் வீட்டிலும் இந்தக் கொலையைப் பற்றி ஒரு கதை இருக்கும், உங்கள் வீட்டுக் கதைக்கு நேர்மாறாக. முடிந்தால் அதைப் போய்க் கேளுங்கள். அந்த ராத்திரி வீட்டுக்குள் யார் இருந்தார்கள் என்பது உங்கள் சொந்தக்காரர்களைவிட அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஆகக் கூடி எது உறுதி, எது சந்தேகம்? பெயர்க் குழப்பத்தைத் தீர்க்கலாம், அந்த நாளில் ஊரில் இல்லாதவர்களைக் கழிக்கலாம், சொத்து எந்தப் பக்கம் நகர்ந்தது என்று காட்டலாம். இவற்றை நான் கை வைத்துச் சத்தியம் செய்வேன். கடிதம் எழுதியவர் யார் என்று ஐந்தாறு பேருக்குள் கொண்டுவர ஒரு நியாயமான வாய்ப்பு இருக்கிறது. கொலையாளியின் பெயரைக் காகிதம் மட்டுமே தரும் என்பதற்கு மிகக் குறைந்த வாய்ப்புதான், அதை உங்களுக்கு ஆசைகாட்ட எனக்கு விருப்பமில்லை. கொலைக்குக் காலவரம்பு கிடையாது. புதிய ஆதாரம் என்று சொல்லத்தக்க ஒன்று கிடைத்தால் மேல் விசாரணை கேட்டு மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுதலாம். அதுவரை எந்தப் பெயரையும் இணையத்திலோ குடும்ப வாட்ஸ்அப் குழுவிலோ போடாதீர்கள். இறந்துபோனவரைப் பற்றி எழுதினாலும், அவர் குடும்பத்தார் மனத்தைப் புண்படுத்தும் நோக்கம் இருந்தால் அது அவதூறாகலாம் என்று சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. சட்டத்தை விடுங்கள், அந்த ஊருணிக் கதையில் ஒரு வீடு மூன்று தலைமுறை சுமந்ததை நான் நேரில் பார்த்தேன்.

இந்த வாரம் உங்களால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கடிதத்தில் கொல்லப்பட்டவரை “அம்மான்” என்று சொல்லியிருக்கிறது. தன்னை மறைத்து எழுதுகிறவர் முறையையும் மாற்றி எழுதியிருக்கலாம், அதை மறக்க வேண்டாம். ஆனால் இரண்டே வரியில் அவசரமாக எழுதுகிறவர் கையில் பழகிய முறைதான் முதலில் வரும். கடிதத்தின் தொடக்கத்தில் உங்கள் அப்பத்தாவை விளித்த சொல் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள், பதிவில் அதை நீங்கள் எழுதவில்லை. “பெரியாத்தா” (அம்மாவின் அக்கா) என்று இருந்தால் வட்டம் சட்டென்று சுருங்கும். எந்த விளியும் இல்லை என்றால், கொல்லப்பட்டவருடைய அக்கா தங்கைகளின் பிள்ளைகள், பங்காளி வீட்டு அக்கா தங்கைகளின் பிள்ளைகள், வீட்டுக்கு மருமகனாக வந்தவர்கள் என்று எல்லோரையும் ஒரு தாளில் எழுதுங்கள். 1961-ல் பதினைந்து வயதுக்கு மேல் இருந்தவர்கள், எழுதத் தெரிந்தவர்கள், உறையில் உள்ள தபால் முத்திரை ஊருக்குப் போகக்கூடியவர்கள். மொய் ஏடுகளில் இவர்கள் கையெழுத்து எங்காவது இருந்தால் பக்கத்தில் குறித்துவையுங்கள். அப்பத்தாவின் தம்பி என்றால் உங்கள் அப்பாவுக்கும் அவர் அம்மான்தான். தாளில் அப்பா பெயரையும் எழுதுங்கள். அவர் இருக்கிறார் என்றால், மற்றவர்களிடம் போவதற்கு முன் அவரிடம் அந்தக் கடிதத்தைக் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள்.